நீ இல்லாமல் அளந்தது

கதிர்,

நாளை சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் நீ கிளம்புகிறாய். சென்னை போய், இரண்டு விமானம் மாறி, எஸ்டோனியா என்ற நாட்டில் இறங்கப் போகிறாய். அந்தப் பெயர் என் வாயில் நிற்க ஒரு வாரம் ஆனது. உன் அப்பாவுக்கு இன்னும் நிற்கவில்லை. யார் கேட்டாலும் "ரஷ்யாவுக்குப் பக்கத்துல" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார். உன் பெட்டி கூடத்தில் திறந்தே கிடக்கிறது. நீ வேண்டாம் என்று எடுத்து வெளியே வைத்த பருப்புப்பொடியை நான் மறுபடி உள்ளே வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அதற்கு அடியில் வைத்து அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ அங்கே போய்ப் பிரித்துப் படிப்பாய், கோபப்படுவாய், கோபம் தணிந்த பிறகு போன் செய்வாய். அது எனக்கு வசதி. வசதியாக இருந்ததால்தான் வேண்டாம் என்று விட்டேன். நாளைக் காலை நீ காபி குடித்து முடித்ததும் உன் கையிலேயே தருகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் இதே படிப்பில் உனக்கு இடம் கிடைக்காமல் போனதற்குக் காரணம் நம் மாடியில் குடியிருந்த கலீனாம்மா என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அவர் இல்லை. நான்.

எப்படி என்பதை வரிசையாக எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் சர்வேயராக இருந்துவிட்டு இந்த வைகாசியில் ஓய்வு பெற்றவள். எனக்குக் கடிதம் எழுத வராது, அறிக்கை எழுதத்தான் வரும். என்ன இடம், யார் யார் வந்திருந்தார்கள், எந்தக் கல் இருந்தது, எது இல்லை, அவ்வளவுதான் எழுதிப் பழக்கம். அதனால் இதில் உருக்கமாக எதுவும் இல்லையே என்று நீ தேடாதே. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து மூன்று நாளாக எழுதுகிறேன். நடுவே இரண்டு பக்கம் கிழித்தேன். கிழித்த பக்கங்களில் என்னைப் பற்றி நல்லதாக நிறைய இருந்தது.

உன் படிப்பைப் பற்றி ஊருக்கு விளக்கம் சொல்லியே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன். ரஷ்யா என்றாலே நம் பக்கத்து ஆட்களுக்கு டாக்டர் படிப்புதான். "எத்தனை வருஷம், இங்க வந்து மறுபடி பரீட்சை எழுதணுமாமே" என்று உன் அத்தை கேட்டாள். ரஷ்ய, ஸ்லாவிய சமூகங்களைப் பற்றிய முதுகலை, கூடவே மொழிப் பயிற்சி என்று நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். "ஸ்லாவ்னா யாரு?" என்றாள். ரஷ்யர், உக்ரைனியர், போலந்துக்காரர் எல்லாரும் ஒரே வேரிலிருந்து வந்த பாஷை பேசுகிறவர்கள் என்றேன். "சரி, அவங்கள இவன் படிச்சி என்ன பண்ணப் போறான்?" என்று கேட்டாள். நான்காவது ஆளிடம் "ஆமாம், டாக்டருக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். லீவில் வரும்போது யாராவது உன்னிடம் முட்டிவலிக்கு மாத்திரை கேட்டால் எனக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இது எங்கே ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உனக்குப் பன்னிரண்டு வயது. மொட்டை மாடிக்குப் போன பந்தை எடுக்க ஏறினவன் ஒரு மணி நேரம் இறங்கி வரவில்லை. நம் செங்கம் ரோடு வீட்டில் மாடியில் இரண்டு அறைகளும் ஒரு பொது அடுப்படியும் கட்டி, கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரைக்கும் மலையையும் கோயிலையும் தேடி வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது அப்போதுதான் தொடங்கியிருந்தது. முதல் அறைக்கு முதலில் வந்தவர் ரஷ்யக்காரரான கலீனாம்மா. அவர் ஊர்க் கல்லூரி ஒன்றில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். விடிகாலையில் மலையைச் சுற்றிக் கிரிவலம் போய்விட்டு வந்து, பால்கனியில் உட்கார்ந்து கறுப்பு டீ குடிப்பார். நீ இறங்கி வந்தபோது உள்ளங்கையில் பேனாவால் அந்த ஊர் எழுத்தில் உன் பெயரை எழுதி வைத்திருந்தாய். ரெண்டு நாள் அந்தக் கையைக் கழுவ மாட்டேன் என்றாய். சாப்பாட்டை ஸ்பூனில் சாப்பிட்டாய். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பையன் பந்தடிக்கிற நேரத்தில் எதையோ கற்றுக்கொள்கிறானே, கெட்ட காரியம் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பத்துக் கார்த்திகை அவர் வந்தார். நீ அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாய், அவர் உனக்கு ரஷ்யன் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு வந்த தமிழ் நம் தெருத் தமிழ். "அம்மா, சாம்பார்ல இன்னைக்கு உப்பு ஜாஸ்தி" என்று மாடியிலிருந்து குரல் கொடுப்பார். எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

இப்போது கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து மணிலாக்கொல்லைக் கதை. "அம்மா ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று நீயும் அப்பாவும் கண்ணடித்துக்கொள்வீர்கள், தெரியும். இன்று ஒரு தடவை மட்டும் பொறுமையாகப் படி. வேலையில் சேர்ந்து மூன்றாவது வருஷம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு வேர்க்கடலை போட்ட ஒரே கொல்லை, நடுவில் எல்லைக்கல் போட்டுத் தர வேண்டும். அளப்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்துக்காரருக்கும் நோட்டீஸ் கொடுத்து, இரண்டு பேரும் நிற்கும்போதுதான் சங்கிலியை விரிக்க வேண்டும். அது எங்கள் வேலையில் முதல் பாடம். நான் போன அன்று தம்பிக்காரர் இல்லை. மனைவியின் பிரசவத்துக்கு வேலூர் போயிருந்தார். "அவன்கிட்ட பேசிட்டேம்மா, நீங்க போடுங்க, அவனுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மறுபடி ஒரு நாள் வருவதற்கு எனக்குச் சலிப்பு. நிலத்தின் அளவு குறித்த புலப்படத்தை விரித்து, அளந்து கல்லைப் போட்டுவிட்டேன். ஒரு விரற்கடை கூடத் தப்பில்லை. பிறகு மேலதிகாரி வந்து அளந்தும் அதே இடம்தான். ஆனால் தம்பிக்காரர் அந்தக் கல்லைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார். மூன்று தடவை போட்டோம், மூன்று தடவையும் பிடுங்கினார். கடைசியில் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "கணக்கு சரியா இருக்கலாம்மா. நான் இல்லாதப்போ என் கொல்லையில எப்படி எறங்குனீங்க?" என்றார். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார். அதற்குப் பிறகு நான் ஒருதரப்பாக எங்கேயும் அளந்ததில்லை. அப்படித்தான் உங்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாடியில் இரண்டாவது அறைக்கு ஒக்சானா வந்தது உனக்குப் பதினாறு வயதில். உக்ரைனிலிருந்து வந்த பெண். தையல் கலைஞர். கலீனாம்மாவைவிட இருபது வயது சின்னவள். இரண்டு பேரும் ரஷ்யனில்தான் பேசிக்கொள்வார்கள். ஒரே அடுப்படியில் சமைத்து, ஒரே தட்டில் பீட்ரூட்டை அரிந்துகொண்டு, வேலூருக்குக் கூட ஒரே ஆட்டோவில்தான் போய் பஸ் ஏறுவார்கள். மூன்று சீசன் அப்படிப் போனது. நான்காவது சீசனில், மாசியில், ரஷ்யா உக்ரைன்மேல் சண்டை தொடங்கிவிட்டது. டிவியில் பார்த்த அன்று காலை ஒக்சானா அடுப்படியில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அங்கே நிலவறையில் உட்கார்ந்திருந்தாராம். கலீனாம்மா தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். ஒக்சானா வாங்கவில்லை. மறுநாள் கீழே இறங்கி வந்து என்னிடம், "அம்மா, அலமாரி பிரிங்க. என் சாமான் தனி, அவங்க சாமான் தனி" என்றாள்.

நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அலமாரியை அளந்து, சரிபாதியில் சாக்பீஸால் கோடு போட்டேன். கேஸ் அடுப்பில் இடது பக்கம் ஒருவருக்கு, வலது பக்கம் இன்னொருவருக்கு. நியாயமாகப் பிரித்துவிட்டோம் என்று நிம்மதியாக இறங்கி வந்தேன். நீ காலேஜ் லீவில் வந்திருந்தாய். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாய்: "ரெண்டு பேரும் சமமா ஏதோ தகராறு பண்ண மாதிரி பிரிச்சிட்டீங்களேம்மா. ஒருத்தங்க வீட்டுமேல குண்டு விழுது, இன்னொருத்தங்க வீட்டுமேல விழல. இதுல பாதின்னா என்ன?" நான் கோபப்பட்டேன். "எங்க வீட்டு அலமாரிக்கு அவ்ளோதான் தெரியும் போடா" என்றேன். நீ சொன்னது சரி என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அன்றிலிருந்து ஒக்சானா ரஷ்யன் பேசுவதை நிறுத்திவிட்டாள். சின்ன வயதிலிருந்து வீட்டில் பேசிய பாஷை அதுதான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். "அந்த பாஷை இனி என் வாயில வராது" என்றாள். உன்னிடம் அரைகுறைத் தமிழிலும் இங்கிலீஷிலும் பேசினாள். நீ அவளிடம் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாய், பிறகு கலீனாம்மாவிடம் போய் அவர் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருப்பாய். கலீனாம்மாவின் தங்கை கணவர் உக்ரைன்காரர் என்று எனக்கு உன்னால்தான் தெரியும். கலீனாம்மா தன் நாட்டைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசமாட்டார், கதவைச் சாத்திக்கொண்டு அழுவார் என்பதும் உன்னால்தான் தெரியும். ஒரு நாள் சாப்பிடும்போது நீ, "ஒருத்தங்க தன் சொந்த பாஷையையே வேணான்னு வாய மூடிக்கணும்னா அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் என்னென்ன நடந்திருக்கணும்மா?" என்று கேட்டாய். அப்பா "ரசம் ஊத்திக்கடா" என்றார். அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே நீ இவ்வளவு தூரம் போய்க்கொண்டிருக்கிறாய். விண்ணப்பத்தில் எழுதியதும் அதைத்தான். எனக்குப் படித்துக் காட்டினாயே, நான் கேட்டுவிட்டு "சரி" என்று மட்டும் சொன்னேன். நன்றாக இருந்தது. இப்போது சொல்கிறேன்.

போன வருஷம் மாசிக்கு வருகிறேன். நீ பட்டப்படிப்பு முடித்துச் சென்னையில் ஏதோ மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தாய். இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாய். உன் ரஷ்ய மொழி எந்த அளவில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தவர் நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். கலீனாம்மாவிடம் கேட்டிருந்தாய். ஒரு காலை அவர் ஒரு தாளோடு கீழே வந்தார். நான் வெளிநாட்டுக்காரர்கள் தங்கினால் வீட்டுக்காரர் போலீஸுக்குக் கொடுக்க வேண்டிய படிவங்களை மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை.

"அம்மா, கதிர் லெட்டர் கேக்கறான். நான் நல்லா எழுதறேன். உங்களுக்குச் சம்மதம்தானே?"

பத்து வருஷம் இந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவர் என்பதால் கேட்டார். மரியாதைக்குக் கேட்டார். நான் மரியாதையோடு பதில் சொல்லவில்லை.

"அவனுக்கு அந்த அளவுக்கு வருதா?"

"வருதும்மா. பேசறதுல தப்பு கொஞ்சம் இருக்கு. எழுதறதுல கம்மி. போனா சரியாயிடும்."

"தப்பு இருக்குன்னா அதையும் எழுதணும் இல்லையா? இன்னும் ஒரு வருஷம் தயார் பண்ணிக்கட்டும்னு எழுதுங்க. அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நான் படிவங்களை அடுக்கி, கிளிப் போட்டு, தலையை நிமிர்த்தாமல் இன்னொன்றும் சொன்னேன். "அடுத்த வருஷம் மாடி ரூமை என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டிருக்கோம். வெள்ளையடிக்கணும். அதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

அது மிரட்டல் இல்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளையடிக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் வீட்டுக்காரி படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னால், வருஷம் பூராவும் அந்த அஞ்சு மாசத்துக்காகக் காத்திருக்கிற ஒரு பெண்ணின் காதில் எப்படி விழும் என்று தெரியாத ஆளா நான்? முப்பது வருஷம் நிலத் தகராறுக்காரர்களின் முகத்தைப் பார்த்தே வேலை செய்தவள். கலீனாம்மா தாளை நாலாக மடித்தார். "சரிம்மா" என்றார். மேலே போய்விட்டார்.

அவர் பொய் எழுதவில்லை. பேச்சில் தப்பு, எழுத்தில் குறை, இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்று எழுதினார். பங்குனியில் உனக்கு மறுப்பு வந்தது. மொழித் தயாரிப்பு போதாது என்று காரணம் போட்டிருந்தார்கள். நீ அன்றே சென்னையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி ஏறினாய். நான் கீழே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது. ரஷ்யனில் ஆரம்பித்தவன் கோபத்தில் தமிழுக்கு வந்துவிட்டாய்.

"பத்து வருஷம் உங்ககிட்ட படிச்சேன். எனக்கு வராதுன்னு எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"நான் அப்படித்தான் எழுதினேன் கதிர். மன்னிச்சுக்கோ."

"ஏன்?"

அவர் மறுபடியும் மன்னிப்புத்தான் கேட்டார். நான் எழுந்து இரண்டு படி ஏறியிருந்தால் போதும். "நான்தான்டா சொன்னேன்" என்று இரண்டு வார்த்தை. நான் கீரையை ஆய்ந்து முடித்து, காம்பையெல்லாம் பொறுக்கி, முறத்தைக் கழுவி வைத்தேன். நீ இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாய். உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். "விடு, நல்லதுக்குத்தான்" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அந்தத் தலையைத் தடவியதுதான்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். சண்டை நடக்கிற பக்கமாகப் போகிறானே என்று பயம், அப்படித்தான் அப்பாவிடம் சொன்னேன். குரூப் டூ எழுதி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்தால் மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகலாம் என்று ஆசை, அதுவும் உண்மை. ஆனால் இரண்டும் முழு உண்மை இல்லை. நீ மாடியில் சிரிப்பாய். சமையலறையில் நிற்கும்போது கேட்கும். எனக்குப் புரியாத பாஷையில், அவர் ஏதோ சொல்ல, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். என்னோடு நீ அப்படிச் சிரித்ததில்லை. நான் அளக்கப் போய்விட்டு வெயிலில் கறுத்து, எரிச்சலோடு வீட்டுக்கு வருகிற அம்மா. அவர் டீ ஊற்றிக்கொடுத்துக் கதை சொல்கிறவர். எனக்குப் பொறாமை கதிர். ஐம்பத்தெட்டு வயதில், என் வீட்டு மாடியில் குடியிருக்கிற ஒரு வயதான பெண்மேல் பொறாமை. எழுதிப் பார்த்தால் இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். வேலையை விட்டுவிட்டு வந்து, நான் சொன்னபடி கோச்சிங் சேர்ந்தாய். காலையில் கணக்கும் நடப்புச் செய்திகளும் படித்தாய். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் சொல்லித்தராமல் ரஷ்யன் படித்தாய். இணையத்தில் நடந்த மொழித் தேர்வை எங்களுக்குச் சொல்லாமல் எழுதினாய். இந்தத் தடவை யார் கடிதமும் தேவைப்படவில்லை. இடம் கிடைத்தது என்று நீ சொன்ன அன்று, உன் முகத்தில் சந்தோஷத்தைவிட யாரையோ ஜெயித்த மாதிரி ஒரு இறுக்கம் இருந்தது. அந்த யாரோ கலீனாம்மா. அவர் புது வருஷத்துக்கு உனக்கு அனுப்பிய குரல் பதிவை நீ கேட்காமலே அழித்ததை நான் பார்த்தேன். போன கார்த்திகைக்கு அவர் வரவில்லை. "மூஞ்சில முழிக்க முடியல போல" என்று நீ சொன்னாய். நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

ஒருவேளை போன வருஷம் உன் ரஷ்யன் நிஜமாகவே போதாமல் இருந்திருக்கலாம். இந்த ஒரு வருஷம் உனக்கு நல்லதாகவே போயிருக்கலாம். அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதர் விடவில்லை. சரியாக இருந்தாலும் நீ இல்லாதபோது அளந்தேன். உன் கொல்லையில் இறங்கினேன்.

அங்கே உன் படிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. நீ காட்டிய பாடத் திட்டத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: காலையெல்லாம் ரஷ்ய மொழி, மத்தியானம் வரலாறும் சமூகமும், இரண்டாவது மொழியாக நீ எடுத்திருக்கும் உக்ரைனியன், கோடையில் எல்லையோரத்து ஊரில் ரஷ்யன் பேசும் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பழகுவது. அந்தக் குடும்பத்தில் போய் உட்காரும்போது என் தொழிலிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். ஜனங்களிடம் எல்லையைப் பற்றிக் கேட்டால் அவர்கள் முதலில் எல்லையைச் சொல்ல மாட்டார்கள். அங்கே இருந்த புளியமரத்தைச் சொல்வார்கள், யார் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்று சொல்வார்கள். முதல் கால் மணி நேரம் நோட்டைத் திறக்காதே. சாப்பிடச் சொன்னால் சாப்பிடு. யார் அங்கே இல்லையோ அவரைப் பற்றி விசாரி. சாக்பீஸை மட்டும் சீக்கிரம் எடுத்துவிடாதே, நான் எடுத்த மாதிரி. ஒக்சானா இப்போது போலந்தில் தையற்கடையில் இருக்கிறாள். அவளுக்கு நீ உக்ரைனியனில் எழுதப்போகும் முதல் கடிதத்தில் நான் கேட்டதாக ஒரு வரி போடு. அலமாரிக் கோட்டை அழித்துவிட்டேன் என்று சொல்லாதே. அழிக்கவில்லை. அழிக்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ துணி எடுக்க டவுனுக்குப் போயிருந்தபோது கலீனாம்மாவுக்குப் போன் செய்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அம்மா, ரூம் வெள்ளையடிச்சாச்சா?"

ஒன்றரை வருஷமாக அவர் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரூம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்தான் போன கார்த்திகைக்கு டிக்கெட் போடவில்லையாம். நான் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன்.

"சொல்லாதீங்கம்மா. பையன் கெளம்பற நேரம். சந்தோஷமா போகட்டும். எம்மேல கோபமா போனாப் பரவால்ல, நான் தூரத்துல இருக்கேன். உங்கமேல கோபமா போகக் கூடாது."

"நீங்க ஏன் அன்னைக்கு அவன்கிட்ட சொல்லல?"

"எழுதின கை என்னுதும்மா" என்றார். பிறகு, "அவன் இப்போ நல்லா எழுதறானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. அவருக்குத்தான் தெரியும்.

மாடி முதல் அறையைத் திறந்து கூட்டி, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்திருக்கிறேன். அவருடைய டீக் கோப்பை ஜன்னல் மேலேயே இருந்தது, கழுவி வைத்தேன். வருகிற கார்த்திகைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். உடம்பு ஒத்துழைத்தால் பார்க்கிறேன் என்றார். அது என் வேலை, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அளந்து முடித்ததும் அந்த இடத்திலேயே அறிக்கை எழுதி, இரண்டு தரப்பிடமும் கையெழுத்து வாங்குவோம். சிலர் போட மாட்டார்கள். "கையெழுத்திட மறுத்தார்" என்று எழுதிவிட்டு வருவோம். நீ நாளைக்கு இதைப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் பஸ் ஏறலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லலாம். நான் வர மாட்டேன், அப்பாவை அனுப்புகிறேன். எதற்கும் நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை. நீ எதிரில் நிற்கும்போதே இது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் பெட்டியில் வைக்கவில்லை.

கலீனாம்மாவின் எண் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. நம் காலை பத்து மணிக்கு அவர் எழுந்து டீ போட்டுக்கொண்டிருப்பார். பஸ் நாலு மணிக்குத்தான். முதலில் அவரிடம் பேசு. என்மேல் கோபப்பட உனக்கு இரண்டு வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறது.

அம்மா